மாடி வாடகை, வங்கி வட்டி, வருமான வரி: வீட்டு நஷ்டத்தைக் கழிப்பது எப்படி?

"மாசம் பன்னிரண்டாயிரம் கையில வருது, இதுல எங்க நஷ்டம் வந்துச்சு?" என்று போன ஜூலையில் மதினி கேட்டார்கள். அண்ணனுக்குச் சென்னையில் வேலை. எங்கள் திருநெல்வேலிப் பக்கம் பாளையங்கோட்டை கே.டி.சி நகரில் கடன் வாங்கிக் கட்டிய வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, சென்னையில் இவர்கள் வாடகை வீட்டில் இருக்கிறார்கள். ரிட்டர்னில் வீட்டு வருமானம் என்ற கட்டத்தில் மைனஸ் போட்டு ஒரு தொகையைப் பார்த்ததும் மதினிக்குப் பதற்றம். கேள்வி சரியான கேள்விதான். கையில் காசு வருகிறது, ஆனால் வங்கிக்குப் போகும் வட்டி அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் இருக்கிறது. அந்த வித்தியாசத்தைத்தான் வருமான வரிச் சட்டம் வீட்டு நஷ்டம் என்று சொல்கிறது. அதைச் சம்பளத்திலிருந்து கழிக்கலாம், ஆனால் எல்லோராலும் முடியாது, முழுவதும் முடியாது, எல்லா வருடமும் அதனால் லாபமும் கிடையாது. அந்த "ஆனால்"களைத்தான் இங்கே ஒவ்வொன்றாகப் பார்க்கப் போகிறோம்.

இங்கே போட்டிருக்கும் கணக்கெல்லாம் 2025-26 நிதியாண்டுக்கு, அதாவது 2026-27 மதிப்பீட்டு ஆண்டுக்கு. இந்த ரிட்டர்ன் வரைக்கும் 1961ஆம் ஆண்டுச் சட்டம்தான். 2026 ஏப்ரல் 1 முதல் சம்பாதிப்பதற்கு 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் வந்துவிட்டது, அதில் பிரிவு எண்கள் மாறிவிட்டன, மதிப்பீட்டு ஆண்டு என்ற பேச்சும் போய் வரி ஆண்டு என்றாகிவிட்டது. அதனால் நான் சொல்லும் 80சி போன்ற எண்களை இந்த ரிட்டர்னுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: வீடு யார் பெயரில், கடன் யார் பெயரில்

இதைப் பார்க்காமல் கணக்குப் போட உட்காராதீர்கள். நம் பக்கம் பெரும்பாலும் மனை அப்பா பெயரில் இருக்கும், மகன் சம்பளத்தைக் காட்டிக் கடன் எடுத்து வீடு கட்டுவான், மாதத் தவணை மகன் கணக்கிலிருந்து போகும். வீடு அப்பா பெயரிலேயே இருந்தால் அந்த வட்டியை மகன் கழிக்க முடியாது. பத்திரத்தில் பெயர் இருப்பவருக்குத்தான் வீட்டு வருமானமும் நஷ்டமும். தவணை கட்டுவது மட்டும் உரிமை ஆகாது. இதைப் பத்து வருடம் கழித்துத் தெரிந்துகொண்ட ஆட்கள் என் சொந்தத்திலேயே இருக்கிறார்கள்.

கணவன் மனைவி இருவர் பெயரிலும் பத்திரமும் கடனும் இருந்து, இருவருக்கும் சம்பளம் இருந்தால் நல்லது. பங்கு எவ்வளவு என்று தெளிவாக இருந்தால் வாடகையையும் வட்டியையும் அந்த விகிதத்தில் பிரித்து இருவரும் தனித்தனியே கணக்குக் காட்டலாம். ஒரு வருடத்தில் சம்பளத்திலிருந்து கழிக்கக்கூடிய 2 லட்சம் என்ற உச்சவரம்பு (ஐந்தாம் படியில் வருகிறது) ஆளுக்கு ஒன்று. ஆனால் "மனைவி பெயரில் போட்டுவிட்டால் வரி இல்லை" என்று டீக்கடையில் சொல்வதை நம்ப வேண்டாம். போதிய விலை வாங்காமல் வீட்டை மனைவிக்கு எழுதிக் கொடுத்தால், வரிக்கணக்கில் அது உங்கள் வீடுதான்.

இரண்டாம் படி: எந்த வீடு எந்த வகை

சொந்தக் குடியிருப்பு, வாடகைக்கு விட்டது, இந்த இரண்டும்தான் முக்கியம். சொந்தக் குடியிருப்பு என்று இரண்டு வீடுகள் வரை காட்டலாம், அவற்றுக்கு வருமானம் பூஜ்யம். மூன்றாவது வீடு பூட்டிக் கிடந்தாலும் வாடகை வந்ததாகவே கணக்கு.

கடை வாடகையும் இதே தலைப்பில்தான் வரும். வண்ணார்பேட்டையில் கடை விட்டிருந்தாலும் மகாராஜநகரில் வீடு விட்டிருந்தாலும் கணக்குப் போடும் முறை ஒன்றுதான். ஆனால் காலி மனையை லாரி நிறுத்தவோ செங்கல் அடுக்கவோ வாடகைக்கு விட்டால் அது வீட்டு வருமானம் இல்லை, இதர வருமானம். வீட்டு வாடகைக்குக் கிடைக்கும் 30 சதவீதக் கழிவு (நான்காம் படியில் வருகிறது) அதற்குக் கிடையாது.

சிலர் வீட்டு வாடகையைத் தொழில் வருமானம் என்று காட்டி, பெயின்ட், பிளம்பர், தேய்மானம் எல்லாவற்றையும் செலவாக எழுதிக்கொண்டிருந்தார்கள். 2024ஆம் ஆண்டு பட்ஜெட்டில் அந்த வழியை அடைத்துவிட்டார்கள். குடியிருப்பு வீட்டை உரிமையாளர் வாடகைக்கு விட்டால் அது வீட்டு வருமானம் என்ற தலைப்பில் மட்டுமே வரும்.

மூன்றாம் படி: வாடகையை எப்படி எடுப்பது

வாங்கிய வாடகை ஒரு பக்கம். அந்த வீட்டுக்கு அந்த இடத்தில் நியாயமாக என்ன வாடகை கிடைக்கும் என்பது இன்னொரு பக்கம். எது அதிகமோ அதைத்தான் எடுக்க வேண்டும். பத்தாயிரம் போகக்கூடிய வீட்டை அத்தானுக்கு இரண்டாயிரத்துக்குக் கொடுத்தால், அன்பு அத்தானுக்குப் போகும், வரிக்கணக்கில் பத்தாயிரம்தான் நிற்கும்.

இந்த இடத்தில் ஒத்தி விஷயத்தைச் சொல்ல வேண்டும். டவுன் பக்கம் சித்தப்பா ஒரு வீட்டை ஐந்து லட்சம் ஒத்திக்கு விட்டிருக்கிறார். வாடகையும் இல்லை, வாங்கிய பணத்துக்கு வட்டியும் இல்லை. "வாடகையே வாங்கலையே, நான் எதுக்கு காட்டணும்?" என்றார். வாங்கிய ஐந்து லட்சம் திருப்பிக் கொடுக்க வேண்டிய பணம், அது வருமானம் இல்லை, அது வரைக்கும் சரி. ஆனால் வீட்டை இன்னொருவர் அனுபவிக்க விட்டாகிவிட்டதே, அது சொந்தக் குடியிருப்பு ஆகாது. அக்கம்பக்கத்தில் அதே அளவு வீடு என்ன வாடகைக்குப் போகிறதோ அதை வருமானமாகக் காட்டித்தான் ஆக வேண்டும். சாதாரண அட்வான்ஸும் அப்படித்தான், திருப்பித் தர வேண்டிய பணம் என்பதால் வருமானத்தில் சேராது. காலி செய்யும்போது பாக்கி வாடகைக்காகப் பிடித்துக்கொண்ட பகுதி மட்டும் வாடகை.

வீடு சில மாதங்கள் காலியாகக் கிடந்தால் பயப்பட வேண்டாம். பாளையங்கோட்டையில் வீடு மாறுவது பெரும்பாலும் பள்ளிக்கூடக் கணக்கில்தான் நடக்கும். ஏப்ரல், மே மாதத்தில் காலி செய்வார்கள், ஜூனுக்கு முன் ஆள் வந்தால் வந்தது, இல்லையென்றால் கதவு பூட்டியே கிடக்கும். வாடகைக்கு விட்டிருந்த வீடு நடுவில் காலியாகக் கிடந்து அதனால் வாடகை குறைந்தால், உண்மையில் வந்த வாடகையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். காலியாக இருந்த மாதங்களுக்கு ஆதாரம் வேண்டும்: பழைய ஒப்பந்தம் முடிந்த தேதி, புதிய ஒப்பந்தம் தொடங்கிய தேதி, அந்த மாதங்களின் கரண்ட் பில். யூனிட் ஏறாத பில் நல்ல சாட்சி.

குடியிருந்தவர் வாடகை தராமல் போய்விட்டால்? அந்தப் பாக்கியைக் கழிக்கலாம், ஆனால் நான்கு நிபந்தனைகள் உண்டு. வாடகை ஏற்பாடு உண்மையானதாக இருக்க வேண்டும். பாக்கி வைத்தவர் காலி செய்திருக்க வேண்டும், அல்லது காலி செய்ய வைக்க நீங்கள் நடவடிக்கை எடுத்திருக்க வேண்டும். உங்களுடைய வேறு எந்த வீட்டிலும் அவர் குடியிருக்கக் கூடாது. பாக்கியை வசூலிக்கச் சட்டப்படி நடவடிக்கை எடுத்திருக்க வேண்டும், அல்லது எடுத்தும் பிரயோஜனம் இல்லை என்று அதிகாரிக்கு விளக்க முடிய வேண்டும். எனக்கு இது ஒரு தடவை நடந்தது. நாலு மாதப் பாக்கி வைத்துக்கொண்டு, "அண்ணாச்சி, அடுத்த வாரம் தந்துருதேன்" என்று சொல்லிச் சொல்லியே ஒரு நாள் ராத்திரியோடு ராத்திரியாகச் சாமான் ஏற்றிப் போய்விட்டார். நான் எழுத்தில் ஒரு நோட்டீஸ்கூட அனுப்பவில்லை, வாட்ஸ்அப்பில் கேட்டதுதான். அதை நம்பி 36,000 ரூபாயைக் கழிக்க மனம் வரவில்லை, விட்டுவிட்டேன். வக்கீல் நோட்டீஸ் ஒன்று அனுப்பியிருந்தால் துணிந்து கழித்திருப்பேன். அப்படிக் கழித்த பாக்கி பின்னால் எப்போதாவது வந்தால், வந்த வருடத்தில் அது வருமானம். அப்போதும் 30 சதவீதக் கழிவு உண்டு, வீட்டை அதற்குள் விற்றுவிட்டிருந்தாலும் வருமானம்தான்.

தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி முதல் வாடகைதாரர் சட்டம் நடைமுறையில் இருக்கிறது, வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருந்து வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும் என்கிறது. நம் ஊரில் இன்னமும் பாதி வீடுகள் வாய்ப்பேச்சில்தான் ஓடுகின்றன. வரிக்காக இல்லாவிட்டாலும் இதைச் செய்துவிடுங்கள்.

நான்காம் படி: எதைக் கழிக்கலாம், எதைக் கழிக்க முடியாது

கழிவுகள் மூன்றுதான். மாநகராட்சிக்கோ பஞ்சாயத்துக்கோ கட்டிய சொத்து வரி, அதைக் கழித்த மீதியில் 30 சதவீதம், அப்புறம் கடன் வட்டி.

சொத்து வரியை நீங்கள் கட்டியிருக்க வேண்டும், அந்த நிதியாண்டுக்குள் கட்டியிருக்க வேண்டும். அரையாண்டு வரியை மார்ச்சில் கட்ட மறந்து ஏப்ரலில் கட்டினால் அது அடுத்த வருடக் கணக்குக்குப் போகும். மூன்று வருடப் பாக்கியை மொத்தமாக இந்த வருடம் கட்டினால் மொத்தமும் இந்த வருடமே கழியும். குடியிருப்பவர் கட்டினால் உங்களுக்குக் கழிவு இல்லை.

30 சதவீதம் எதுவும் செலவே செய்யாவிட்டாலும் கிடைக்கும், எவ்வளவு செலவு செய்தாலும் அதற்கு மேல் கிடைக்காது. வெள்ளையடித்தது, மோட்டார் சுருள் கட்டியது, புரோக்கர் கமிஷன், இன்சூரன்ஸ், எல்லாம் இதற்குள் அடக்கம். பில்லைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள்.

2023 டிசம்பர் 17, 18இல் தாமிரபரணி ஊருக்குள் வந்தபோது ஆற்றை ஒட்டிய பகுதிகளில் தரைத்தள வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. கதவு உப்பி, சுவர்ப் பூச்சு கழன்று, வயரிங் போய், ஆளாளுக்கு லட்சக்கணக்கில் செலவு. அந்தச் செலவை வாடகையிலிருந்து நேராகக் கழிக்க வழி இல்லை. ஆனால் பலருக்குத் தெரியாத ஒன்று, பழுது பார்க்க வாங்கிய கடனின் வட்டியைக் கழிக்கலாம். வீட்டுக் கடன் என்ற பெயரில்தான் இருக்க வேண்டும் என்று சட்டத்தில் இல்லை, கடன் வாங்கிய பணம் அந்த வீட்டுக்குப் போயிருக்க வேண்டும், அவ்வளவுதான். நகைக்கடன் வைத்து வாடகை வீட்டைச் சரிசெய்திருந்தால் அந்த நகைக்கடன் வட்டியும் கணக்கில் வரும். மைத்துனரிடமோ நண்பரிடமோ வட்டிக்கு வாங்கியிருந்தாலும் வரும், எழுத்தில் இருந்து, வங்கி வழியாகப் பணம் போய் வந்திருந்தால். அவர் அந்த வட்டியைத் தன் வருமானத்தில் காட்ட வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் உறவு கெடும். நகைக்கடன் வாங்கிய நாளும் கொத்தனாருக்கும் கடைக்கும் பணம் போன நாளும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும், ரசீதுகளை அந்த அடகு ரசீதோடு சேர்த்து வையுங்கள்.

வாடகைக்கு விட்ட வீட்டின் வட்டிக்கு உச்சவரம்பு இல்லை, மூன்று லட்சமோ ஐந்து லட்சமோ முழுவதும் கழிக்கலாம். சொந்தக் குடியிருப்புக்கு மட்டும் 2 லட்சம், இரண்டு வீடு என்றாலும் இரண்டுக்கும் சேர்த்தே 2 லட்சம். கடன் வாங்கிய நிதியாண்டு முடிந்து ஐந்து வருடத்துக்குள் வீடு முடிந்திருக்க வேண்டும், இல்லையென்றால் 30,000தான். சொந்த வீட்டைப் பழுது பார்த்த கடனுக்கும் அதே 30,000.

அசலைக் கட்டியது வேறு கணக்கு, அது சேமிப்பு, முதலீட்டுக்கான 80சி பிரிவுக் கழிவில் 1.5 லட்சத்துக்குள் அடங்கும், பழைய வரி முறையில் மட்டும் (பழைய முறை, புதிய முறை பற்றி ஆறாம் படியில் வருகிறது). தவணைத் தொகை முழுவதையும் வட்டி என்று எழுதி வைத்திருக்கும் ரிட்டர்னை நானே பார்த்திருக்கிறேன். வங்கியில் வட்டிச் சான்றிதழ் கேட்டு வாங்குங்கள், அசல், வட்டி என்று பிரித்துக் கொடுப்பார்கள்.

வீடு கட்டிக்கொண்டிருந்தபோது கட்டிய வட்டி வீணாகவில்லை. கட்டி முடிக்காத வருடங்களில் கழிக்க முடியாது, ஆனால் முடித்த வருடம் தொடங்கி ஐந்து சம தவணையாகக் கழிக்கலாம். 2022 ஜூலையில் கடன், மணலுக்கும் ஆளுக்கும் காத்துக் காத்து 2025 பிப்ரவரியில் பால் காய்ச்சினீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முடிந்தது 2024-25 நிதியாண்டு. அதற்கு முந்தைய மார்ச் 31, அதாவது 2024 மார்ச் 31 வரை போன வட்டி 3 லட்சம் என்றால், 2024-25 முதல் 2028-29 வரை வருடத்துக்கு 60,000 ரூபாய். சொந்தக் குடியிருப்பு என்றால் இந்த 60,000உம் அந்த 2 லட்சத்துக்குள்ளேதான். வீடு எப்போது முடிந்தது என்பதற்கு முடிவுச் சான்றிதழ் இருந்தால் அதை எடுத்து வையுங்கள், வீட்டு வரி போட்ட நாள், கரண்ட் இணைப்பு நிரந்தரமாக மாறிய நாள் ஆகியவற்றின் தாள்களையும் கூடவே வையுங்கள்.

ஐந்தாம் படி: கணக்குப் போடுவோம்

அண்ணன் வீட்டுக் கணக்கு. வாடகை 12,000 வீதம் 12 மாதம், 1,44,000. சொத்து வரி 4,000 போக 1,40,000. அதில் 30 சதவீதம் 42,000 போக 98,000. வங்கி வட்டி 3,18,000. ஆக நஷ்டம் 2,20,000.

இதில் சம்பளத்திலிருந்து ஒரு வருடத்தில் கழிக்கக்கூடியது 2 லட்சம்தான். இந்தக் கட்டுப்பாடு 2017 பட்ஜெட்டில் வந்தது, அதற்கு முன் வாடகை வீட்டு நஷ்டம் எவ்வளவானாலும் கழியும். மீதி 20,000 அடுத்து வரும் எட்டு மதிப்பீட்டு ஆண்டுகளுக்குக் கொண்டுபோகலாம், ஆனால் அப்போது வீட்டு வருமானத்தில் மட்டுமே கழியும், சம்பளத்தில் கழியாது. அதே வீட்டின் வருமானமாக இருக்க வேண்டியதில்லை, எந்த வீட்டு வருமானமானாலும் சரி. நடுவில் மூன்று மாதம் காலியாகக் கிடந்தால் வாடகை 1,08,000, வரி போக 1,04,000, அதில் 31,200 போக 72,800, வட்டியைக் கழித்தால் நஷ்டம் 2,45,200. கூடின 25,200உம் கொண்டுபோகும் கணக்கில்தான் சேரும், இந்த வருடத்துக்கு அதனால் ஒன்றும் ஆகாது.

இப்போது என் வீடு. பெருமாள்புரத்தில் கீழே நாங்கள், மாடியில் குடித்தனம். நம் ஊரில் பெரும்பாலும் இப்படித்தான், ஆனால் இதைப் பிரித்துக் காட்டாமல் முழு வீட்டையும் சொந்தக் குடியிருப்பு என்றோ முழு வீட்டையும் வாடகை என்றோ போட்டுவிடுகிறார்கள். கீழ்த்தளம் 900 சதுர அடி, மாடி 600 சதுர அடி. இரண்டையும் இரண்டு வீடாகக் காட்ட வேண்டும், வட்டியையும் சொத்து வரியையும் சதுர அடி விகிதத்தில் பிரிக்க வேண்டும். மொத்த வட்டி 2,70,000. கீழே 1,62,000, மாடிக்கு 1,08,000. சொத்து வரி 5,000இல் மாடியின் பங்கு 2,000, கீழ்த்தளத்தின் பங்கு எங்கும் கழியாது. மாடி வாடகை 9,000 வீதம் 1,08,000, வரி போக 1,06,000, 30 சதவீதம் 31,800 போக 74,200, வட்டி போக மைனஸ் 33,800. கீழ்த்தளம் மைனஸ் 1,62,000. மொத்தம் 1,95,800 நஷ்டம், 2 லட்சத்துக்குள் அடங்கிவிட்டது.

மாடிக்குத் தனி மீட்டர் இருந்து கரண்ட் பில்லை அவர்களே கட்டினால் தொல்லையே இல்லை. சப் மீட்டர் வைத்து நீங்கள் வசூலித்துக் கட்டினால் அந்தப் பணத்தை வாடகையோடு சேர்த்து ஒரே தொகையாக வாங்காதீர்கள், தனியாக வாங்கித் தனியாக எழுதி வையுங்கள்.

ஆறாம் படி: இந்த நஷ்டத்தால் உங்களுக்கு ஒரு ரூபாயாவது மிச்சமா?

இதுதான் எல்லாவற்றிலும் பெரிய விஷயம், இதை முதலிலேயே பார்க்காமல்தான் எல்லோரும் ஏமாறுகிறோம். 2023-24 முதல் புதிய வரி முறைதான் தானாக வருவது, பழையது வேண்டுமென்றால் நாமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். புதிய முறையில் சொந்தக் குடியிருப்பின் வட்டிக்குக் கழிவே இல்லை. வாடகை வீட்டின் வட்டியைக் கழிக்கலாம், ஆனால் அது மைனஸ் ஆனால் அந்த மைனஸைச் சம்பளத்திலோ வேறு வருமானத்திலோ கழிக்க முடியாது. இன்னொரு வாடகை வீட்டு வருமானம் இருந்தால் அதோடு மட்டும் கழியும். மிஞ்சியது போனது போனதுதான் என்று வைத்துக்கொண்டே முடிவெடுங்கள்.

என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். வருடச் சம்பளம் 11 லட்சம் என்று வைத்தால், பழைய முறையில் நிலையான கழிவு 50,000, வீட்டு நஷ்டம் 1,95,800, 80சி 1,50,000 எல்லாம் போக 7,04,200. வரியும் அதன் மேல் ஏறும் செஸ் என்ற கூடுதல் வரியும் சேர்த்து 55,000க்கு மேல். புதிய முறையில் நிலையான கழிவு 75,000 மட்டும் போக 10,25,000. 12 லட்சம் வரை தள்ளுபடி இருப்பதால் வரி பூஜ்யம். அரைப்பக்கம் கணக்குப் போட்டுப் பிரித்துப் பிரித்துக் கண்டுபிடித்த 1,95,800 ரூபாய் நஷ்டத்தால் எனக்குப் பைசா பிரயோஜனம் இல்லை. ஒன்றே ஒன்று, மாடி வட்டி 1,08,000 இருப்பதால் மாடி வருமானம் 74,200 என் வருமானத்தில் ஏறாமல் நிற்கிறது.

அண்ணன் கதை வேறு. சம்பளம் 18 லட்சம். புதிய முறையில் 17,25,000க்கு வரி 1,45,000, செஸ்ஸோடு 1,50,800. பழைய முறையில் நிலையான கழிவு 50,000, சென்னை வாடகைக்கு வீட்டு வாடகைப்படி (எச்ஆர்ஏ) கழிவு 3 லட்சம், வீட்டு நஷ்டம் 2 லட்சம், 80சி 1.5 லட்சம், மருத்துவக் காப்பீடு 25,000, எல்லாம் போக 10,75,000. வரி 1,35,000, செஸ்ஸோடு 1,40,400. பழைய முறை 10,400 ரூபாய் மிச்சம். சொந்த ஊரில் வீட்டை விட்டுவிட்டு வெளியூரில் வாடகைக்கு இருப்பவர் வாடகைப்படிக் கழிவும் வீட்டு நஷ்டமும் இரண்டும் வாங்கலாம், அதில் தப்பே இல்லை. ஆனால் கவனியுங்கள். "2 லட்சம் நஷ்டம், 30 சதவீத வரி, செஸ்ஸோடு 62,400 மிச்சம்" என்று வீடு விற்கும்போது சொல்வார்கள். பழைய முறைக்குள்ளேயே இருந்தால் அது உண்மை. புதிய முறையோடு ஒப்பிட்டால் அண்ணனுக்கு உண்மையில் மிச்சம் 10,400. சென்னை வாடகை இல்லாமல் அண்ணன் பாளையங்கோட்டையிலேயே இருந்திருந்தால் பழைய முறையில் வரி இன்னும் 90,000 கூடியிருக்கும், புதிய முறைதான் லாபம். நஷ்டத்தைக் காட்டுவதற்காக இன்னொரு கடன் வாங்கி இன்னொரு வீடு வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு இந்தப் பத்தியைத்தான் நான் காட்டுவது.

ஏழாம் படி: நாள் தவறாதீர்கள்

சம்பளக்காரர்கள் வருடா வருடம் முறையை மாற்றிக்கொள்ளலாம், ரிட்டர்னிலேயே தேர்ந்தெடுக்கலாம். தொழில் வருமானம் இருப்பவர்கள் பழைய முறை வேண்டுமென்றால் 10-ஐஇஏ படிவம் போட வேண்டும், அவர்களுக்கு முன்னும் பின்னும் மாறிக்கொண்டிருக்க அனுமதி இல்லை. பழைய முறை வேண்டுமென்றால் கெடு நாளுக்குள் தாக்கல் செய்திருக்க வேண்டும், சம்பளக்காரர்களுக்கு வழக்கமாக ஜூலை 31. வீட்டு நஷ்டத்தை அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோகக் கெடுவுக்குள் தாக்கல் செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை என்று சொல்வார்கள், சட்டப்படி அது சரிதான். ஆனால் ஆகஸ்டில் தாக்கல் செய்தால் பழைய முறையே கிடைக்காது, அப்புறம் 2 லட்சத்தைச் சம்பளத்தில் எப்படிக் கழிப்பது? திருச்செந்தூர், குற்றாலம் என்று ஜூலையில் சுற்றிவிட்டு வந்து கேட்டு அழுத கேஸ் எனக்குத் தெரியும்.

வேலை பார்க்கும் இடத்தில் பழைய முறை என்று முன்னமே சொல்லி, வீட்டு நஷ்டத்தையும் ஆதாரத்தோடு கொடுத்துவிட்டால் மாதாமாதம் பிடிக்கும் வரியிலேயே குறைத்துவிடுவார்கள். மறந்திருந்தால் ரிட்டர்னில் காட்டித் திரும்ப வாங்கலாம்.

எட்டாம் படி: எந்தப் படிவம், என்ன கேட்பார்கள்

நஷ்டத்தைக் கொண்டுவரவோ கொண்டுபோகவோ இருந்தால் ஐடிஆர்-1 ஆகாது, ஐடிஆர்-2. இப்போதெல்லாம் வட்டி என்று ஒரு தொகையை மட்டும் எழுதிவிட்டுப் போக முடியாது, யாரிடம் கடன், கடன் கணக்கு எண், அனுமதித்த நாள், மொத்தக் கடன், பாக்கிக் கடன் எல்லாம் கேட்கும். வட்டிச் சான்றிதழைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே உட்காருங்கள். குடியிருப்பவர் வருடத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல் வாடகை கொடுத்து வாடகைப்படிக் கழிவு கேட்டால் உங்கள் பான் எண்ணைக் கொடுத்திருப்பார். வாடகையைக் குறைத்துக் காட்டினால் அங்கிருந்து மாட்டும். உங்கள் வரவு பற்றி வரித்துறையிடம் இருக்கும் தகவல்களைக் காட்டும் ஏஐஎஸ் அறிக்கையை முதலில் இறக்கிப் பார்த்துவிடுங்கள்.

"எல்லாருக்கும் 2 லட்சம் போட்டுருவேன் சார், ரீபண்ட் வந்தா எனக்குப் பத்து பர்சென்ட்" என்று சொல்லும் ஆட்கள் நம் ஊரிலும் உண்டு. கடனே இல்லாதவருக்கு வட்டி போட்ட ரிட்டர்னை ஒரு தடவை என் கண்ணால் பார்த்தேன். தவறான தகவல் கொடுத்து வருமானத்தைக் குறைத்தால் அந்த வரியைப் போல இரண்டு மடங்கு அபராதம், வரியும் வட்டியும் தனி. நோட்டீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும், அந்த ஆள் போனை எடுக்க மாட்டார்.

ஒன்பதாம் படி: வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருந்தால்

மேலப்பாளையத்திலும் சுற்று வட்டாரத்திலும் வளைகுடாவில் இருப்பவர்களின் வீடுகள் எத்தனையோ. வீட்டுக்காரர் வரிக்கணக்கில் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால், வாடகை எவ்வளவு சின்னதானாலும் குடியிருப்பவர் வரி பிடித்துக் கட்ட வேண்டும், செஸ்ஸோடு 31.2 சதவீதம், அதற்கு டான் (வரி பிடித்துக் கட்டுபவருக்கான) எண் வேண்டும். உள்ளூர் வீட்டுக்காரர் என்றால் மாத வாடகை 50,000ஐத் தாண்டினால்தான் வரி பிடிக்க வேண்டும் என்ற வரம்பெல்லாம் இவர்களுக்குக் கிடையாது. நம் ஊர்க் குடித்தனக்காரர்களுக்கு இது தெரியவே தெரியாது. மச்சான் துபாயில் இருக்கிறான், இங்கே அவனுக்கு வேறு வருமானமே இல்லை, வட்டியும் 30 சதவீதமும் போனால் வரியே வராது. அப்படிப்பட்டவர்கள் குறைந்த வரிப் பிடித்தத்துக்கான சான்றிதழுக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம், இல்லையென்றால் ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்கலாம். அவர்களுக்கும் வட்டிக் கழிவு உண்டு.

வீட்டை விற்கப் போகிறீர்கள் என்றால் இன்னொன்று. வருடா வருடம் கழித்த வட்டியை விற்கும்போது வாங்கிய விலையோடு சேர்த்து லாபத்தைக் குறைக்கப் பார்க்காதீர்கள், 2023 பட்ஜெட்டில் அது முடிந்துவிட்டது. வீடு கைக்கு வந்த நிதியாண்டு முடிந்து ஐந்து வருடத்துக்குள் விற்றால் 80சியில் வாங்கிய அசல் கழிவும் வருமானமாகத் திரும்பி வரும்.

தாக்கல் செய்து முப்பது நாளுக்குள் ஆதார் ஓடிபி போட்டுச் சரிபார்த்துவிடுங்கள், அதைச் செய்யாத ரிட்டர்ன் தாக்கல் செய்யாத மாதிரிதான். அப்புறம் ரிட்டர்னின் பிடிஎஃப்பை இறக்கி, கொண்டுபோகும் நஷ்டம் என்ற அட்டவணையில் உங்கள் தொகை இருக்கிறதா என்று பாருங்கள். அண்ணனுடையதில் அந்தக் கட்டத்தில் 20,000 இருக்க வேண்டும். மதினி அந்தப் பக்கத்தை மட்டும் அச்செடுத்து வட்டிச் சான்றிதழோடு சேர்த்து ஒரு கவரில் போட்டு, மேலே வருடத்தை எழுதிப் பீரோவில் வைத்துவிடுவார்கள். எட்டு வருடத்துக்கு எட்டு கவர்.